ஃபங்ஷனல் மொழிகளில் சப்டைப் கட்டுப்பாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓகேமல், ஹாஸ்கெல், ஸ்காலா, எஃப் ஷார்ப் போன்ற மொழிகளில் எழுதத் தொடங்குபவர்கள், குறிப்பாக ஜாவா பக்கமிருந்து வருபவர்கள், சப்டைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கோடு (நிரல்) வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். பெயர்களை உங்கள் மொழிக்கு ஏற்ப மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

சப்டைப் கட்டுப்பாடு என்றால் சரியாக என்ன?

ஒரு டைப்பின் மதிப்பைக் கேட்கும் எந்த இடத்திலும் இன்னொரு டைப்பின் மதிப்பைத் தயங்காமல் கொடுக்க முடிந்தால், இரண்டாவது முதலாவதன் சப்டைப். 'அப்படிப்பட்ட உறவு இருந்தால்தான் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடலாம்' என்று டைப்பிலேயே எழுதிவைப்பது சப்டைப் கட்டுப்பாடு.

ஆனால் இந்தக் கேள்வியோடு வருபவர்களிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கொஞ்சம் துருவிக் கேட்டால், மூன்றில் ஒன்று வெளியே வரும். சிலருக்கு ஒரு டைப்பின் மதிப்புகளில் சில மட்டும் வேண்டும்: பூஜ்யத்துக்கு மேற்பட்ட எண்கள், வெறுமையில்லாத லிஸ்ட். சிலருக்கு, வருகிற டைப் எதுவானாலும் அதில் இன்னின்ன செயல்கள் இருக்க வேண்டும். மிகச் சிலருக்குத்தான் உண்மையாகவே இரண்டு டைப்களுக்கு இடையிலான உறவு வேண்டும். மூன்றுக்கும் கருவிகள் வேறு வேறு. எது வேண்டும் என்று தெரியாமல் மொழியின் மேல் குறை சொல்வதில்தான் அதிக நேரம் போகிறது. அதனால் கீழே எல்லாப் பதில்களிலும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

ஹாஸ்கெல்லில் சப்டைப் ஏன் இல்லை?

டைப்களை நாம் எழுதாமலே கம்பைலர் கண்டுபிடிப்பதற்கு (டைப் இன்ஃபரன்ஸ்) அடிப்படை ஹிண்ட்லி–மில்னர் முறை. ஹிண்ட்லி 1969-இலும் மில்னர் 1978-இலும் வெளியிட்டவை. அதன் உயிர்நாடி சமன்பாடு: 'இந்த டைப்பும் அந்த டைப்பும் ஒன்றே'. ஒவ்வொரு சமன்பாட்டையும் தீர்த்ததும் ஒரு டைப் மாறி (இன்னும் தெரியாத டைப்புக்கு வைத்த பெயர்) மறைந்துவிடும், கணக்கு சுருங்கிக்கொண்டே வரும்.

சப்டைப் வந்தால் சமன்பாடு சமனின்மையாகிவிடுகிறது: 'இது அதைவிடச் சிறியது அல்லது அதற்குச் சமம்'. மாறியை நீக்க முடியாது, கட்டுப்பாடுகள் சேர்ந்துகொண்டே போகும். கண்டுபிடித்த டைப்பைத் திரையில் காட்டினால் படிக்கிற மாதிரி இருக்காது. இதற்குத் தீர்வே இல்லை என்று சொல்ல முடியாது. 2017-இல் டோலனும் மைக்ராஃப்டும் எம்எல்-சப் என்ற அமைப்பில் சப்டைப்பையும் முழுமையான டைப் இன்ஃபரன்ஸையும் சேர்த்துக் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஆனால் ஹாஸ்கெல் உருவான காலத்தில் அந்த வழி கிடையாது.

டைப் கிளாஸ் இருக்கிறதே, அது சப்டைப் வேலையைச் செய்யாதா?

டைப் கிளாஸ் என்பது ஒரு டைப்பில் இருக்க வேண்டிய செயல்களின் பட்டியலுக்கு வைத்த பெயர். 'இன்னின்ன செயல்கள் இருக்க வேண்டும்' என்ற இரண்டாவது தேவைக்கு அது மிகப் பொருத்தம். வாட்லரும் பிளாட்டும் 1989-இல் முன்வைத்த யோசனை. 'ஒப்பிடக்கூடிய எந்த டைப்பானாலும் சரி' என்று எழுதலாம். சூப்பர் கிளாஸ் (ஒரு கிளாஸுக்கு முன்தேவையான இன்னொரு கிளாஸ்) மூலம் 'வரிசைப்படுத்த முடிந்தால் சமமா என்று பார்க்கவும் முடியும்' என்பதையும் சொல்லலாம்.

ஆனால் டைப் கிளாஸ் என்பது டைப் அல்ல. 'ஒப்பிடக்கூடியவை' என்ற பெயரில் ஒரு லிஸ்ட் வைத்து, அதில் ஓர் எண்ணையும் ஒரு சரத்தையும் சேர்த்துப் போட முடியாது. அப்படிப் போட வேண்டுமென்றால் உள்ளே இருப்பதன் டைப்பை வெளியே காட்டாத எக்சிஸ்டென்ஷியல் டைப் ஒன்றில் பொதிய வேண்டும். பொதிந்ததும், உள்ளே இருப்பது எந்த டைப் என்ற தகவல் போய்விடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இரண்டு மதிப்புகளில் பெரியதைத் தரும் ஃபங்ஷனை டைப் கிளாஸ் வைத்து எழுதினால், எண் கொடுத்தால் எண்ணே திரும்பக் கிடைக்கும். 'ஒப்பிடக்கூடியது' என்ற மேல் டைப்பை வாங்கி அதையே திருப்பும் ஃபங்ஷனாக எழுதினால், எண் கொடுத்தாலும் மேல் டைப்தான் திரும்பும், பிறகு கீழ்நோக்கி மாற்ற வேண்டியிருக்கும். உள்ளே போன டைப் அப்படியே வெளியே வரவேண்டிய இடத்தில் சப்டைப்பை விட டைப் மாறியே மேல்.

முழு எண்களில் நேர்ம எண்கள் மட்டும் போதும். எப்படி எழுதுவது?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

எல்லா மொழியிலும் செய்யக்கூடிய வழி: ஒரு மாட்யூலுக்குள் புது டைப் ஒன்றை வைத்து, அதைக் கட்டும் வழியை மறைத்துவிடுங்கள். வெளியே தெரிவது சோதித்துக் கட்டும் ஒரு ஃபங்ஷன் மட்டும். சோதனை தோற்றால் மதிப்பு இல்லை என்று திரும்பும். சோதனை ஒரே இடத்தில், ஒரே முறை. அதற்கு அப்பால் அந்த டைப்பைக் கையில் வைத்திருப்பவர் யாரும் மறுபடி சோதிக்க வேண்டியதில்லை.

ஓகேமலில் இதற்கு மேலும் ஒரு படி போகலாம். மாட்யூலின் கையொப்பத்தில் (வெளியே தெரிவதைச் சொல்லும் பகுதியில்)

டைப் நேர்எண் = பிரைவேட் இன்ட்
வால் உருவாக்கு : இன்ட் → நேர்எண் ஆப்ஷன்

என்று எழுதினால் (ஆப்ஷன் என்றால் மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்), உள்ளே இருப்பது முழு எண் என்பது வெளியே தெரியும், ஆனால் வெளியிலிருந்து கட்ட முடியாது. (எ :> இன்ட்) என்று எழுதி நேர்எண்ணை எப்போது வேண்டுமானாலும் முழு எண்ணாக்கலாம். திரும்பும் பாதை மட்டும் அடைபட்டிருக்கிறது. ஒருவழிப் பாதை என்பதால் இது உண்மையான சப்டைப் உறவு. இதன் பலன் லிஸ்டில் தெரியும்: (எண்கள் : நேர்எண் லிஸ்ட் :> இன்ட் லிஸ்ட்) என்று ஒரே அடியில் முழு லிஸ்டையும் மாற்றலாம். ஒவ்வொரு உறுப்பாக நடந்துபோக வேண்டாம், ஓடும் நேரத்தில் ஒரு வேலையும் நடக்காது.

ஹாஸ்கெல்லில் நியூடைப்பும் (இருக்கும் டைப்பைச் சுற்றிய புது டைப்) கோயர்ஸும் (அதற்கும் உள் டைப்புக்கும் இடையே மாற்றும் ஃபங்ஷன்) இதற்குப் பக்கத்தில் வருகின்றன. கோயர்ஸ் 2014-இல் ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சி 7.8-உடன் வந்தது, அதுவும் செலவில்லாமல் மாற்றித் தரும். ஆனால் கன்ஸ்ட்ரக்டர் (மதிப்பைக் கட்டும் பெயர்) கண்ணில் படும் இடத்தில்தான் வேலை செய்யும், படும் இடத்தில் இரு திசையிலும் வேலை செய்யும். கன்ஸ்ட்ரக்டரை மறைத்தால் பாதுகாப்பான திசையும் சேர்ந்தே மூடிக்கொள்கிறது. எனவே வெளியே எண்ணாக்கும் ஃபங்ஷன் ஒன்றை நீங்களே தர வேண்டும், லிஸ்ட் என்றால் மேப் செய்ய வேண்டும். ஓகேமலின் பிரைவேட் இந்த இடத்தில் தெளிவாக ஒரு படி மேலே நிற்கிறது என்பது என் கருத்து.

அப்புறம் கணக்கு. இரண்டு நேர்ம எண்களைக் கூட்டினால் நேர்ம எண்தான் வரும் (அளவு வரம்பைத் தாண்டாதவரை), பெருக்கினாலும் அப்படியே. கழித்தால் உத்தரவாதம் போய்விடும். எனவே கூட்டலும் பெருக்கலும் நேர்எண்ணையே திருப்பட்டும், கழித்தல் முழு எண்ணையோ ஆப்ஷனையோ திருப்பட்டும். ஹாஸ்கெல்லின் நேச்சுரல் டைப்பில் சாதாரணக் கழித்தல் பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஓடும் நேரத்தில் பிழை வீசும். உங்கள் டைப்பை வடிவமைக்கும்போது அதைப் பின்பற்ற வேண்டாம்.

வெறுமையில்லாத லிஸ்டுக்கும் இதே வழிதானா?

இதே வழியில் செய்யலாம், ஆனால் அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஓர் உறுப்பும் ஒரு லிஸ்டும் சேர்ந்த ஜோடி என்று டைப்பை அமைத்துவிட்டால் வெறுமை என்ற நிலையே எழாது, மறைக்க வேண்டியதும் இல்லை. ஹாஸ்கெல்லின் அடிப்படை நூலகத்தில் நான்எம்ப்டி என்ற பெயரில் இது இருக்கிறது. விதியை டைப்பின் வடிவத்திலேயே சொல்ல முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாதபோதுதான் மறைக்கும் வழி.

ஒரு வேரியன்ட் டைப்பில் சில கன்ஸ்ட்ரக்டர்கள் மட்டும் வரலாம் என்று சொல்ல முடியுமா?

வேரியன்ட் என்பது பல கன்ஸ்ட்ரக்டர்களில் ஏதோ ஒன்றால் கட்டப்படும் டைப். கம்பைலர் எழுதுபவர்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. நிரலைப் படித்துப் பார்ஸ் செய்த மரத்தில் எண், மாறி, அழைப்பு, அப்புறம் எழுத வசதிக்காக மட்டும் இருக்கும் சுருக்க வடிவங்கள் எல்லாம் இருக்கும். சுருக்கங்களை விரித்து எழுதிய பின் அவை மரத்தில் எங்குமே இருக்கக் கூடாது. இரண்டு கட்டத்துக்கும் ஒரே டைப்பை வைத்தால், பின்னால் வரும் ஒவ்வொரு ஃபங்ஷனிலும் 'இது வராது' என்று ஒரு கிளை எழுதிப் பிழை வீச வேண்டியிருக்கும். என்றாவது ஒருநாள் அது வந்தே தீரும்.

ஓகேமலில் பாலிமார்ஃபிக் வேரியன்ட் (கன்ஸ்ட்ரக்டர்களை முன்னதாக ஒரே டைப்பில் அறிவிக்காமல், வேண்டியவற்றைத் தொகுத்துக்கொள்ளும் வகை) இதற்கு நேரான விடை. சிறிய கன்ஸ்ட்ரக்டர் தொகுதி பெரிய தொகுதியின் சப்டைப், :> கொண்டு ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் மரம் தன்னைத்தானே குறிப்பிடும்போது, உள் கிளைகளின் டைப்பை ஒரு மாறியாகத் திறந்துவைத்து, பிறகு அந்த மாறியின் இடத்தில் மரத்தின் டைப்பையே வைத்து முடிச்சுப் போட வேண்டும். எழுதிவிடலாம்தான். பிழைச்செய்தி மட்டும் பக்கம் பக்கமாக நீளும்.

ஹாஸ்கெல்லில் எனக்குப் பிடித்த வழி, மரத்துக்குக் கட்டம் என்று ஒரு டைப் மாறி கொடுப்பது. சுருக்கக் கன்ஸ்ட்ரக்டருக்குள் அந்த மாறியின் டைப்பில் ஒரு ஃபீல்டு இருக்கட்டும். பார்ஸ் கட்டத்தில் மாறி ஒரே ஒரு மதிப்பு உள்ள யூனிட் டைப், விரித்த பின் கட்டத்தில் மாறி மதிப்பே இல்லாத வாய்ட் டைப். வாய்ட் டைப்பில் மதிப்பு இல்லாததால் சுருக்கக் கன்ஸ்ட்ரக்டரைக் கட்ட வழியில்லை. ஹாஸ்கெல் சோம்பல் மொழி (மதிப்பைத் தேவைப்படும்போதுதான் கணக்கிடும்) என்பதால் அந்த ஃபீல்டுக்கு ஆச்சரியக்குறி போட்டு ஸ்டிரிக்ட் ஆக்க மறக்காதீர்கள். அப்போதுதான் 'அந்தக் கிளை தேவையில்லை' என்பதை இன்றைய ஜிஎச்சி தானாகவே புரிந்துகொள்ளும். ஒவ்வொரு கன்ஸ்ட்ரக்டரும் எந்த டைப்பைத் தரும் என்று தனித்தனியே எழுதவிடும் ஜிஏடிடி வைத்தும் இதே காரியத்தைச் செய்யலாம்.

'ஏ என்பது பி-யின் சப்டைப்பாக இருந்தால் மட்டும்' என்று இரண்டு டைப் மாறிகளுக்கிடையே எழுத வேண்டும். முடியுமா?

இதுதான் மூன்றாவது தேவை. ஸ்காலாவில் நேரடியாக எழுதலாம்: ஏ <: பி என்றால் மேல் வரம்பு, பி >: ஏ என்றால் கீழ் வரம்பு. கீழ் வரம்பு எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. ஆப்ஷனுக்குள் இருக்கும் மதிப்பை எடு, இல்லாவிட்டால் இந்த மாற்று மதிப்பைத் தா என்ற ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்ஷனில் இருப்பது ஏ, மாற்று மதிப்பு பி. விடை இரண்டுக்கும் பொதுவான டைப்பாக இருக்க வேண்டும். பி >: ஏ என்று எழுதிவிட்டால் விடையின் டைப் பி, எல்லாம் பொருந்திவிடும்.

எஃப் ஷார்ப்பிலும் :> கட்டுப்பாடு உண்டு, ஆனால் வலப்பக்கம் குறிப்பிட்ட ஒரு டைப் இருக்க வேண்டும். அங்கேயும் மாறியைப் போட்டால் கம்பைலர் இரண்டு மாறிகளையும் ஒன்றாகவே கருதிவிடும். ஓகேமலின் :> ஒரு செயல்தான். ஃபங்ஷனின் டைப்பில் மாறிகளுக்கிடையே கட்டுப்பாடாக எழுத இடமில்லை.

அந்த மொழிகளில் செய்ய வேண்டியது மிக எளிது. ஏ-யிலிருந்து பி-க்கு மாற்றும் ஃபங்ஷனையே ஒரு ஆர்கியுமென்டாக வாங்கிக்கொள்ளுங்கள்:

எடு_அல்லது : (ஏ → பி) → பி → ஏ ஆப்ஷன் → பி

சப்டைப் உறவுக்குச் சான்று அந்த ஃபங்ஷன்தான். கூப்பிடுபவர் (ஃபன் எக்ஸ் → (எக்ஸ் :> மேல்டைப்)) என்று கொடுத்துவிடுவார். பார்க்க எளிமையாக இருக்கிறதே என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். சப்டைப்பை முறைப்படி விளக்கும் ஒரு வழியே, ஒவ்வொரு உறவையும் இப்படியொரு மாற்றும் ஃபங்ஷனாக எடுத்துக்கொள்வதுதான்.

கோவேரியன்ட், கான்ட்ராவேரியன்ட் எல்லாம் எதற்கு?

நாய் விலங்கின் சப்டைப் என்றால் நாய் லிஸ்ட் விலங்கு லிஸ்டின் சப்டைப்பா? லிஸ்டை மாற்றவே முடியாது என்றால், ஆம். அதிலிருந்து எடுக்க மட்டும்தான் முடியும், எடுப்பதெல்லாம் விலங்குதான். இது கோவேரியன்ட். மாற்றக்கூடிய அரே என்றால், இல்லை. விலங்கு அரே என்று நினைத்து யாராவது அதில் பூனையை வைத்துவிடலாம். ஜாவா அரேக்களைக் கோவேரியன்டாக விட்டதால்தான் இந்தத் தவற்றை ஓடும் நேரத்தில் அரேஸ்டோர்எக்ஸெப்ஷன் என்று பிடிக்க வேண்டியிருக்கிறது. ஓகேமலின் ரெஃப் (மாற்றக்கூடிய ஒற்றை மதிப்பு), அரே இரண்டும் எந்தத் திசையிலும் அசையாதவை.

ஃபங்ஷனின் உள்ளீட்டில் திசை தலைகீழாகும். எந்த விலங்கையும் கையாளத் தெரிந்த ஃபங்ஷனை, நாயைக் கையாள வேண்டிய இடத்தில் தாராளமாகக் கொடுக்கலாம். இது கான்ட்ராவேரியன்ட். ஓகேமலிலும் ஸ்காலாவிலும் டைப் மாறிக்கு முன் + (கோவேரியன்ட்) அல்லது - (கான்ட்ராவேரியன்ட்) போட்டு இதைச் சொல்கிறோம். ஃபங்ஷனல் மொழிகளில் மதிப்புகள் பெரும்பாலும் மாறாதவை என்பதால் கோவேரியன்ஸ் இங்கே அதிகம் கைகொடுக்கிறது.

படிக்க மட்டும், எழுத மட்டும் என்று உரிமைகளை டைப்பில் சொல்ல முடியுமா?

முடியும், மேலே சொன்னவை எல்லாம் ஒன்றுசேரும் அழகான இடம் இது. கோப்பு என்ற மறைத்த டைப்புக்கு, உள்ளே எங்கும் பயன்படாத ஒரு டைப் மாறியைக் கொடுங்கள். இதை ஃபேன்டம் மாறி என்பார்கள். அதில் உரிமைகளைப் பாலிமார்ஃபிக் வேரியன்டாக வையுங்கள்:

டைப் -உ கோப்பு
திற : சரம் → [`படி | `எழுது] கோப்பு
வாசி : [> `படி] கோப்பு → சரம்
பதி : [> `எழுது] கோப்பு → சரம் → யூனிட்

[> `படி] என்றால் 'குறைந்தது படிக்கும் உரிமையாவது இருக்க வேண்டும்'. படிக்க மட்டும் உரிமையுள்ள கோப்பைப் பதி-யிடம் கொடுத்தால் கம்பைலரே நிறுத்திவிடும்.

அந்தக் கழித்தல் குறியைக் கவனியுங்கள். வேரியன்டாகப் பார்த்தால் [`படி] சிறியது, [`படி | `எழுது] பெரியது. ஆனால் கோப்பாகப் பார்த்தால் அதிக உரிமையுள்ளதை, குறைந்த உரிமை போதும் என்ற இடத்தில் கொடுக்கலாம், அதாவது திசை நேர் எதிர். கான்ட்ராவேரியன்ட் என்று அறிவித்துவிட்டதால் இரண்டு உரிமையும் உள்ள கோப்பை (க :> [`படி] கோப்பு) என்று எழுதி உரிமையைக் குறைத்து அடுத்தவரிடம் நீட்டலாம். மறுபடி உயர்த்த அவரால் முடியாது. இதற்கு ஓடும் நேரச் செலவு ஒன்றும் இல்லை.

'குறைந்தபட்சம் இந்த ஃபீல்டுகள் இருக்கும் ரெக்கார்ட்' என்று எழுத சப்டைப் வேண்டுமா?

வேண்டியதில்லை, ரோ பாலிமார்ஃபிஸம் போதும். 'பெயர் என்ற ஃபீல்டு இருக்கிறது, மீதி என்னவானாலும் ர' என்று மீதிக்கும் ஒரு மாறி வைக்கும் முறை அது. பியூர்ஸ்கிரிப்ட் ரெக்கார்டுகளிலும் ஓகேமலின் ஆப்ஜெக்ட்களிலும் இருக்கிறது. பெயரை மாற்றித் திருப்பும் ஃபங்ஷன் எழுதினால், மீதி ஃபீல்டுகள் எல்லாம் ர வழியாக விடையிலும் அப்படியே இருக்கும். வெறும் சப்டைப் என்றால் அவை டைப்பிலிருந்து மறைந்துபோயிருக்கும்.

ஹாஸ்கெல்லில் சப்டைப் எங்குமே தென்படாதா?

தென்படும், ஃபார்ஆல் ('எந்த டைப்புக்கும்' என்று சொல்லும் குறி) இருக்கும் இடங்களில். எந்த டைப்புக்கும் வேலை செய்யும் ஃபங்ஷனை, எண்ணுக்கு வேலை செய்யும் ஃபங்ஷன் கேட்கும் இடத்தில் அப்படியே கொடுக்கலாம் என்பது ஒருவகைச் சப்டைப் உறவுதான். ஒரு மதிப்பின் உள்பகுதிகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் லென்ஸ் நூலகம் இதன் மேல்தான் நிற்கிறது. ஃபங்டர், அப்ளிகேடிவ் இரண்டும் டைப் கிளாஸ்கள். லென்ஸ் (ஓர் உள்பகுதியைச் சுட்டுவது) எல்லா ஃபங்டருக்கும் வேலை செய்வது, டிராவர்சல் (பல உள்பகுதிகளைச் சுட்டுவது) எல்லா அப்ளிகேடிவுக்கும் வேலை செய்வது. ஒவ்வொரு அப்ளிகேடிவும் ஃபங்டர் என்பதால், ஒவ்வொரு லென்ஸும் டிராவர்சலாகத் தானாகவே செல்லும்.

ஜிஎச்சி 9.0-இல் இந்த உறவை எளிமைப்படுத்தினார்கள். ஃபார்ஆல் ஒரு அம்புக்குறிக்கு வலப்பக்கம் ஆழத்தில் ஒளிந்திருந்தால் கம்பைலர் தானாகச் சரிசெய்வதை நிறுத்தியது. பழைய கோடு அங்கே நின்றுவிட்டால், ஃபங்ஷன் பெயரை மட்டும் கொடுக்காமல் ஆர்கியுமென்டை வெளிப்படையாக வாங்கி அனுப்பும் லாம்டாவாக (பெயரில்லா ஃபங்ஷனாக) எழுதுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

பத்துக்கும் நூறுக்கும் இடைப்பட்ட எண் என்று நிபந்தனையையே டைப்பில் எழுத முடியாதா?

ரிஃபைன்மென்ட் டைப் அதற்குத்தான். ஃப்ரீமனும் ஃபென்னிங்கும் 1991-இல் எம்எல் மொழிக்காக இந்தக் கருத்தைக் கொண்டுவந்தார்கள். இன்று லிக்விட் ஹாஸ்கெல்லில் டைப்போடு நிபந்தனையை எழுதினால், இசட்3 போன்ற ஒரு தேற்றச் சோதனைக் கருவி கம்பைல் நேரத்திலேயே அதை நிரூபிக்கப் பார்க்கும். இங்கே சப்டைப் உறவு என்பது தர்க்க உறவு: 'இருபதைவிடப் பெரியது' என்றால் 'பத்தைவிடப் பெரியது', எனவே முன்னது பின்னதன் சப்டைப். அரே எல்லை மீறல், பூஜ்யத்தால் வகுத்தல் போன்ற இடங்களில் நன்றாக உழைக்கும். நிரூபிக்க முடியாமல் கருவி நின்றுபோனால் ஏன் என்று புரிந்துகொள்ளப் பொறுமை வேண்டும்.

அப்படியென்றால் எல்லாம் இருக்கும் ஸ்காலாவையே எடுத்துக்கொள்ளலாமே?

எடுத்துக்கொள்ளலாம், நல்ல மொழி. ஆனால் சப்டைப் எல்லா இடத்திலும் இருப்பதால் டைப் இன்ஃபரன்ஸ் ஓரளவுக்குத்தான், ஃபங்ஷன் ஆர்கியுமென்ட் டைப்களை நீங்களே எழுத வேண்டும். ஓர் எண்ணையும் சரத்தையும் தவறுதலாக ஒரே லிஸ்டில் போட்டால், கம்பைலர் பிழை சொல்லாமல் பொதுவான மேல் டைப் ஒன்றைக் கண்டுபிடித்து ஏற்றுக்கொள்ளும். ஹாஸ்கெல்லும் ஓகேமலும் அந்த இடத்திலேயே நிறுத்தும். கோட்பாட்டிலும் விலை உண்டு: வரம்புள்ள டைப் மாறிகளை முழு வீச்சில் அனுமதிக்கும் எஃப்-சப் என்ற கணிதத்தில், ஒன்று மற்றொன்றின் சப்டைப்பா என்ற கேள்விக்கே எப்போதும் விடை தரும் நிரல் எழுத முடியாது என்று பியர்ஸ் 1992-இல் நிரூபித்தார்.

இருக்கும் ப்ராஜெக்டில் இவற்றை எங்கிருந்து தொடங்குவது?

'இது நடக்காது' என்று சொல்லிப் பிழை வீசும் கிளைகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றும் டைப்பில் சொல்லப்படாத ஒரு கட்டுப்பாடு. அவற்றில் அதிக இடங்களில் திரும்பத் திரும்ப வருவதை ஒன்று எடுத்து, அந்த மதிப்பு நிரலுக்குள் முதன்முதலில் நுழையும் இடத்தில் சோதித்துப் புது டைப்பாக்குங்கள். அப்புறம் கம்பைலர் காட்டும் பிழைகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து போனால், மீதிச் சோதனைகளை எங்கெங்கே அழிக்கலாம் என்பது தானே தெரிந்துவிடும்.